டிரைவர் முடியாது என்றது

கை நடுக்கமாம்! பதினெட்டு வருஷம் ஒரே மெஷின் முன்னால் நின்றவளுக்குக் கை நடுக்கமாம். அதை நேருக்கு நேர் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. காகிதத்தில் அடித்து, முத்திரை குத்தி, எல்லோரும் வருகை போடும் மேசைக்கு மேலே பலகையில் குத்தி வைத்துவிட்டார்கள். "பார்வையாளர்கள் முன்னிலையில் பதற்றமும் கை நடுக்கமும் ஏற்படுவதால், மருத்துவச் சான்று கொண்டுவரும் வரை இவர் பிசிறு மேசைக்கு மாற்றப்படுகிறார்." பெயரும் போட்டிருந்தது. துப்புரவுக்கு வருகிறவர் முதல் பார்சல் எடுக்க வருகிறவர் வரை அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, திரும்பி அவள் கையைப் பார்த்தார்கள்.

பெயர் காகிதத்தில்தான். பட்டறையில் அவள் அரைநூல். எட்டு நூல் ஒரு அங்குலம் என்பது பட்டறைக் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அரை நூல்தானே கூடியிருக்கு, விடும்மா" என்று சொன்ன மேஸ்திரியிடம், "அரை நூல விட்டா ஊர்ல பாதிப் பேரு நொண்டுவான், பரவாயில்லையா?" என்று எகிறினாள். அன்று ஒட்டிக்கொண்ட பட்டம், உரித்தாலும் வரவில்லை.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அங்கே வெட்டுவது செருப்பின் அடிப்பாகத்துக்கான அச்சு. அலுமினியக் கட்டியைக் கட்டர் குடைந்து குடைந்து, பாதத்தின் பள்ளமும் மேடும், வழுக்காமலிருக்கப் போடும் வரிகளும் வெட்டி எடுக்கும். அச்சில் ஒரு கோடு தவறி விழுந்தால் போச்சு. அதில் வார்க்கிற அத்தனை செருப்பிலும் அந்தக் கோடு இருக்கும். அப்படி மூன்று மாதத்தில் மூன்று அச்சில் கோடு விழுந்திருந்தது. மூன்றும் அவள் மெஷினில்தான். மூன்றும், வாங்க வந்தவர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்த நேரத்தில்தான். தனியாக வெட்டும்போது ஒரு கீறல் கிடையாது. பிறகென்ன, தீர்ப்பு எழுதப் பெரிய நீதிபதியா வேண்டும்?

"ஆளுங்க நின்னா அக்காவுக்குக் கை உதறுது, அத்தான்" என்று தீர்ப்பை எழுதியவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அவருக்கும் ஒரு பட்டம் உண்டு, டிஜிட்டல். எதைக் கண்டாலும் அதை டிஜிட்டல் ஆக்க வேண்டும் அவருக்கு. விட்டால் வாசல் மிதியடியையும் ஆக்கியிருப்பார். வாங்க வருகிறவர்களுக்குப் பெரிய திரை ஒன்றில், வெட்டப்படும் அச்சை முப்பரிமாணப் படமாகப் பளபளவென்று சுழற்றிக் காட்டுவது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்காக மெஷின் கணினிக்குள் விலை கூடிய ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகியிருந்தார். மவுஸ் என்கிற எலியைப் பிடித்து அவர் ஆட்டினால், திரையில் செருப்பின் அடிப்பாகம் குப்புறப் புரளும், மல்லாக்கப் புரளும். வந்தவர்கள் ஆகா என்பார்கள்.

"மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கு சார், கட்டர் ஒரு நொடி திக்குது" என்று முதல் கோடு விழுந்த அன்றே அரைநூல் சொன்னாள். டிஜிட்டல் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். ஏன்க்கா, மத்த நேரத்துல திக்க மாட்டேங்குதே, எப்படி?"

அந்தக் கேள்விக்கு அப்போது அவளிடம் பதில் இல்லை. இரண்டாவது கோடும் மூன்றாவது கோடும் விழுந்தபோதும் இல்லை. அதுதான் அவளை அரித்தது. பலகையில் காகிதம் ஏறிய அன்று வீட்டுக்குப் போனவள், ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். சிந்தவில்லை. ஆனாலும் மறுபடி ஊற்றினாள், மறுபடி நின்றாள்.

அவள் கணவருக்கு முடிதிருத்தும் கடை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைப் பெட்டியைத் திறந்து, புது பிளேடு மாட்டிய சவரக் கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ம், பண்ணு."

"என்ன விளையாட்டு இது? எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா?"

"மெஷின் பிடிக்கத் தெரியுதுல்ல? நான் முப்பது வருஷமா நடுங்குற கையும் பாத்திருக்கேன், நடுங்காத கையும் பாத்திருக்கேன். காகிதத்துல எழுதுனா கை நடுங்கிடுமா? பண்ணுடி, தொண்டக் குழியில இருந்து ஆரம்பி."

அவள் செய்தாள். முதலில் திட்டிக்கொண்டே, பிறகு சத்தமில்லாமல். கன்னம், தாடை, குரல்வளை மேட்டின் இரண்டு பக்கமும். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. முடிந்ததும் எழுந்து கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"நம்ம கடையில வேல செய்யுற ரெண்டு பேருக்கும் இந்தக் கை கிடையாது. போ, போய்ச் சண்ட போடு" என்றார்.

சண்டை போட ஆதாரம் வேண்டுமே! அதைப் பிசிறு மேசைதான் கொடுத்தது. வெட்டி முடித்த அச்சின் ஓரங்களில் நிற்கும் அலுமினியப் பிசிறை அரத்தால் தட்டி எடுக்கும் வேலை அது. சேர்ந்த முதல் மாதம் பழகுகிறவர்களுக்குக் கொடுப்பது. மேசை சுவரோரம் கிடந்தது. அங்கே உட்கார்ந்தால் மெஷினும் தெரியும், அதன் பின்னாலிருக்கும் பெரிய திரையும் தெரியும். பதினெட்டு வருஷமாக அவள் பார்த்தது கட்டர் முனையை மட்டும்தான். பார்வையாளர்களும் திரையும் எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால். அந்த வேலையில் கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்க்கிறவள் உருப்படமாட்டாள்.

அடுத்த கூட்டம் வந்த அன்று டிஜிட்டலே மெஷினை ஓட்டினார். ஓட்டுவது என்ன, பொத்தானை அமுக்கிவிட்டுத் திரைக்குப் போய் எலியைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கோணத்துல பாருங்க, அந்தக் கோணத்துல பாருங்க" என்று படத்தைச் சுழற்றினார். அரைநூல் அரத்தை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். கட்டரின் சீரான இரைச்சலில் ஒரு திக்கல். படம் நின்றது, திக்கல் இல்லை. படம் சுழன்றது, மறுபடி திக்கல். மூன்றாவது தடவை அவர் எலியை வேகமாக இழுத்தபோது கட்டர் ஒரு துள்ளு துள்ளியது.

அச்சைக் கழற்றிப் பார்த்தால் குதிகால் பள்ளத்தில் விரல் நீளத்துக்குக் கோடு. அரைநூல் மெஷின் பக்கத்திலேயே இல்லை, பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். இப்போதாவது வாயை மூடுவார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வந்தவர்கள் போனதும் டிஜிட்டல் முதலாளியிடம் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

"நேத்து சாயங்காலம் மெஷின் பக்கம் போய் நின்னாங்க அத்தான். ஏதோ மாத்தி வச்சிருக்காங்க. கடுப்புல பண்ணுறது."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அது இதுதான். நேற்று வரை கை நடுக்கக்காரி, இன்று நாசக்காரி! அவளுக்குக் கோபத்தில் காது அடைத்தது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிசிறு தட்டினாள்.

மெஷினை ஓட்டும் கணினியில் இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதிலும் ரியல்டைம் கெர்னல் போட்ட லினக்ஸ். கெர்னல் என்றால் கணினிக்குள் இருக்கிற மேஸ்திரி, யாருக்கு எப்போது வேலை என்று பங்கு போடுகிறவன். சாதாரண மேஸ்திரி, "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விடுவான். கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் அது போதும். ரியல்டைம் மேஸ்திரி அப்படி அல்ல. நொடியை ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் மோட்டார்களிடம் "இப்போது இங்கே நில்" என்று சொல்லியே தீருவான். ஒரு தடவை அவன் குரல் பிந்தினால் கட்டர் திகைத்து நிற்கும், அடுத்த குரலுக்குத் துள்ளிப் பிடிக்கும். அதைச் சோதிக்கத் தாமதத்தை அளக்கும் நிரல் ஒன்று அந்தக் கணினியிலேயே இருக்கிறது. மெஷின் வந்த வருஷம் அதை அமைத்தவர் அவளுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார்.

மதியம் அவள் கட்டியில்லாமல் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, அந்த நிரலைத் திறந்தாள். அதிகபட்சத் தாமதம் பன்னிரண்டு மைக்ரோ நொடி. ஐந்து நிமிடம் பார்த்தாள், பதினான்கைத் தாண்டவில்லை. பிறகு படத்தைத் திறந்து எலியை ஒரு சுழற்று சுழற்றினாள். எண் மூவாயிரத்துக்கு எகிறியது. ஆயிரத்துக்கு ஒரு குரல், அப்படியென்றால் மூன்று குரல் தவறிப்போச்சு என்று அர்த்தம்! படத்தைச் சின்னதாக்கினால் அதற்கடியில் மெஷின் நிரலே எழுதிக்காட்டிய எச்சரிக்கை: எதிர்பாராத தாமதம். திரை முழுக்கப் படத்தை விரித்து வைத்தால் அதை யார் பார்ப்பது?

அவள் அத்தோடு விடவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். கார்டுக்கும் கெர்னலுக்கும் நடுவில் பேசுவது அதுதான். அதை ஏற்றியபோது என்னென்ன நடந்தது என்பது ஒரு கோப்பில் பதிவாகியிருக்கும். தேடி எடுத்தாள். ஆங்கிலம்தான், ஆனால் இத்தனை வருஷம் அந்தத் திரையோடு மல்லுக்கட்டியவளுக்கு அது பழகின ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படித்தாள். நீங்கள் ஏற்றுவது ரியல்டைம் கெர்னலில், இந்த டிரைவர் ரியல்டைம் கெர்னலுக்கு ஆகாது, நிறுவலை நிறுத்துகிறேன்.

நிறுத்திவிட்டது! உயிரில்லாத அந்தச் சாமான், எனக்கு இங்கே வேலை இல்லை, நான் வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், இரண்டு நிமிடம் கழித்து, ரியல்டைம் இருப்பதைப் பார்க்காதே என்று ஒரு கட்டளை சேர்த்து, யாரோ அதே டிரைவரை மறுபடி ஏற்றியிருந்தார்கள். தேதி, முதல் கோடு விழுந்ததற்கு நாலு நாள் முன்பு.

சாப்பிட்டுவிட்டு வந்த முதலாளியையும் டிஜிட்டலையும் அவள் மெஷின் முன்னாலேயே நிறுத்தினாள். எண்ணைக் காட்டினாள், படத்தைச் சுழற்றினாள், மூவாயிரத்தைக் காட்டினாள். பிறகு அந்தப் பதிவைத் திறந்தாள்.

"இது என்ன சார் எழுதியிருக்கு? கொஞ்சம் படிங்க."

"அது சும்மா வார்னிங்க்கா. எல்லாத்துக்கும் இப்படித்தான் போடுவான்" என்றார் டிஜிட்டல்.

"வார்னிங் இல்ல. போட மாட்டேன்னு சொல்லி நின்னுடுச்சு. அதுக்குக் கீழ இருக்கிறது யாரு வேல?"

"ஒரு வரி சேர்த்துட்டா அது பாட்டுக்கு ஏறிடும்னு நெட்ல போட்டிருந்தான்."

"யாரு?"

"யாரோ ஒருத்தன்... பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"பேரு தெரியாத ஒருத்தன் சொன்னத நம்பிட்டீங்க. பதினெட்டு வருஷமா உங்க கண்ணு முன்னாடி நிக்கிறவ, கட்டர் திக்குதுன்னு சொன்னா ஆடத் தெரியாதவளா? அந்த டிரைவரே முடியாதுன்னு சொல்லுச்சு, அது வாயையும் பொத்திட்டீங்க!"

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்ல மனுஷர்தான், சண்டை என்றால் மட்டும் ஆகாது. அதனாலேயே எப்போதும் யார் வலுவோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். "சரி விடும்மா. கார்டைக் கழட்டிடலாம். நாளையில இருந்து நீ மெஷினுக்கு வா. அவ்வளவுதானே?"

"பலகையில இருக்கிற காகிதம்?"

"கிழிச்சிடுறேன்."

"கிழிச்சா போதாது. படிச்சவங்கல்லாம் என் கையப் பாத்துட்டாங்க. என்ன நடந்துச்சு, யாரு பண்ணினதுன்னு எழுதி அதே எடத்துல ஒட்டணும்."

"குடும்பத்து ஆளும்மா. நாலு பேரு முன்னாடி எப்படி..."

"அப்ப என் குடும்பம் என்ன ஆகாசத்துலயா இருக்கு? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

டிஜிட்டலுக்குப் பொறுக்கவில்லை. "என்னவோ நான் திட்டம் போட்டுக் கெடுத்த மாதிரி பேசுறாங்களே! அத்தான், நான் எடுத்த எடுப்புல இதுல போடல. ஆறு மாசம் முன்னாடி, முதல்ல ரெண்டாம் நம்பர் மெஷின்ல கார்டப் போட்டு ஒரு மாசம் படம் ஓட்டிப் பாத்தேன். அதுல ஒரு பிரச்சினையும் வரலையே!"

சொல்லி முடித்ததும் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. முதலாளி தரையைப் பார்த்தார்.

இரண்டாம் நம்பர் மெஷின் அவளுடையதுக்கு அடுத்தது. இப்போது அதில் முரட்டு வெட்டு மட்டும்தான். படம், பார்வையாளர் எதுவும் கிடையாது. ஐந்து மாதம் முன்பு வரை அதில் நின்றவர், தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர், அதனாலேயே எல்லோருக்கும் கண்ணாடி அண்ணன். இருபத்திரண்டு வருஷ வேலை. கடைசி மாதத்தில் அவர் வெட்டிய அச்சு இரண்டில் கோடு விழுந்தது. மெஷினில் நின்றபடியே கண் அசந்துவிட்டார் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வரலையா?" என்றாள் அரைநூல். "பிரச்சினையே வரலையா சார்?"

"அது வேற விஷயம்" என்றார் முதலாளி. "அவரு தூங்குனாரு. சாட்சிக் கையெழுத்து நீதானேம்மா போட்ட?"

போட்டாள். இல்லை என்று சொல்ல முடியுமா? காகிதம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கூப்பிட்டு, "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு" என்று நீட்டினார்கள். அவள் படித்துப் பார்த்துத்தான் போட்டாள். பஸ்ஸில் போகும்போது, வயசாச்சு, அவருக்கும் ஓய்வு வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு டிஜிட்டல் மேலிருந்த ஆத்திரம் அப்படியே தன் மேல் திரும்பியது. கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ரெண்டு காகிதம்" என்றாள். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவருக்கு. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. கொடுக்கிற வரைக்கும் நான் மெஷினத் தொட மாட்டேன். நாலு அச்சு திரும்ப வெட்டணும், வாங்குனவங்க காத்துட்டு இருக்காங்க. உங்க மச்சான விட்டு வெட்டச் சொல்லுங்க."

முதலாளி அரை மணி நேரம் கெஞ்சினார், கால் மணி நேரம் முறைத்தார், பிறகு எழுதினார். முதல் தடவை "தவறு நடந்துவிட்டது" என்று பூசி மெழுகினார். முழுப் பூசணிக்காயை இந்தச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை, ரியல்டைம் கெர்னலுக்கு ஒவ்வாத டிரைவரை, அது மறுத்த பிறகும் ஏற்றியவர் என் மைத்துனர் என்று எழுதினார். தன்னுடையதை அவளே பலகையில் குத்தினாள். கண்ணாடி அண்ணனைச் சம்பளத்தோடு திரும்பக் கூப்பிட்டு எழுதியிருந்த மற்றதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேலை விட்டதும் நேரே கிளம்பினாள்.

கண்ணாடி அண்ணன் இப்போது சந்தைத் தெரு முனையில் ஒரு சாவிக்கடையில் நகல் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கார்டு, டிரைவர், மூவாயிரம், டிஜிட்டல் உளறியது, எல்லாம். நியாயம் கிடைத்த சூட்டில் அவள் குரல் தெருவுக்கே கேட்டது. காகிதத்தை நீட்டினாள். அவர் மெதுவாக, உதடு அசையப் படித்தார்.

"திரும்ப வரச் சொல்லியிருக்காரு அண்ணே. சம்பளத்தோட."

அவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "நான் தூங்கலன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

"ஆமாண்ணே."

"ரெண்டாவது கோடு விழுந்தப்ப உன்கிட்டதான் பேசிட்டிருந்தேன். உன் பொண்ணு பரீட்சை எப்படி எழுதியிருக்கான்னு கேட்டேன். நல்லா எழுதியிருக்கான்னு சொன்ன."

அவளுக்கு அது மறக்கவில்லை. கையெழுத்துப் போட்ட சாயங்காலமும் மறந்திருக்கவில்லை. "என்னையும் அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டேன் அண்ணே" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காகிதத்தை ஒரு தடவை மறுபக்கம் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.

"இது முதலாளி எழுதுனது" என்றார். "நீ எழுதுனது எங்க?"

முதலாளியை விடாமல் பிடித்து எழுத வைத்தவளுக்கு அது தோன்றவேயில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பேனா கிடந்தது. எடுத்தாள். காகிதத்தின் வெற்றுப் பக்கத்தை ஸ்டூல் மேல் விரித்து, தெருவிலேயே மண்டியிட்டு, தன் முழுப் பெயரை எழுதி, அதற்குக் கீழே எழுதினாள்: இவர் விழித்திருந்தார், நான் பார்த்தேன்.